வெள்ளரி போய் கெர்கின் வந்த கதை

கேள்விமுறையற்ற இடத்தை 'வெள்ளரிக்காய்ப் பட்டணம்' என்று சொல்வது நம் வழக்கு. கத்தரிக்காய்ப் பட்டணம் என்றோ புடலங்காய்ப் பட்டணம் என்றோ யாரும் சொல்வதில்லை. வெள்ளரியின் மலிவுதான் காரணமாக இருக்கவேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது. கோடையில் பேருந்து நிலையத்தில் நான்காகக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவி, சன்னல் வழியே நீட்டப்படும் பிஞ்சுக்கு வரலாறு என்று ஒன்று இருக்கக்கூடும் என்று நாம் நினைப்பதில்லை. மிளகுக்காகக் கப்பல்கள் வந்தன, பருத்திக்காகப் போர்கள் நடந்தன, வெள்ளரிக்காக என்ன நடந்தது என்று கேட்டால் சிரிப்புத்தான் வரும்.

நாங்களும் அப்படித்தான் இருந்தோம். சில ஆண்டுகளுக்கு முன் திண்டுக்கல் பக்கம் ஒரு சிற்றூருக்கு நண்பர் வீட்டுத் திருமணத்துக்காகப் போயிருந்தபோது, சாலையோரத் தோட்டத்தில் குச்சி நட்டு, கம்பி இழுத்து, நூலில் ஏற்றிய கொடிகளை வரிசை வரிசையாகப் பார்த்தோம். இலையும் மஞ்சள் பூவும் சந்தேகத்துக்கு இடமின்றி வெள்ளரி. ஆனால் பறிக்கப்பட்டுக்கொண்டிருந்த காய்கள் சுண்டுவிரல் அளவே இருந்தன. பறித்துக்கொண்டிருந்த அம்மாளிடம், "என்னம்மா, வெள்ளரியா?" என்று கேட்டோம். "இல்லீங்க, இது கெர்கின்" என்றார். வீட்டில் சமைப்பீர்களா என்றதற்கு, "ஐயோ, இத யாருங்க திம்பாங்க? கம்பெனி வண்டி வந்து எடுத்துட்டுப் போயிரும்" என்று சிரித்தார்.

தாவரவியல் புத்தகத்தைப் புரட்டினால் கெர்கினும் வெள்ளரியும் ஒரே இனம். குக்கூமிஸ் சட்டைவஸ் என்பது இரண்டுக்கும் பொதுவான பெயர். அந்த இனம் பிறந்த நாடு இந்தியா. தன் நாட்டில் பிறந்த காயை, தன் தோட்டத்தில் விளைவித்துக்கொண்டே, இது நம்முடையதல்ல என்று ஒரு விவசாயி சொல்வதற்கு எத்தனை நூற்றாண்டுப் பயணம் தேவைப்பட்டிருக்கிறது என்று தேடத் தொடங்கியதன் விளைவே இக்கட்டுரை.

இமயத்தின் அடிவாரத்தில் இன்றும் காட்டு வெள்ளரி உண்டு. கோழிமுட்டையை ஒத்த சிறு காய்கள், வாயில் வைக்க முடியாத கசப்பு. கிழக்கிந்தியக் கம்பெனியின் படையதிகாரியாக இருந்த தாமஸ் ஹார்ட்விக் 1796இல் கட்வால் மலைநாட்டுக்குச் சென்று செடிகொடிகளைச் சேகரித்தவர். சகாரன்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பிலிருந்த ஜான் ஃபோர்ப்ஸ் ராயில், இமயத் தாவரங்களைப் பற்றிய தமது நூலில் இந்தக் காட்டு வெள்ளரியை 1835இல் விவரித்து, ஹார்ட்விக்கின் பெயரையே அதற்குச் சூட்டினார். பயிர்களின் பிறப்பிடங்களை ஆராய்ந்த அல்போன்ஸ் த கந்தோல் 1882இல் வெளியிட்ட நூலில், வெள்ளரி இந்தியாவில் குறைந்தது 3000 ஆண்டுகளாகப் பயிரிடப்படுகிறது என்றும், ராயில் கண்ட கசப்புக் கொடியே அதன் மூதாதையாக இருக்கவேண்டும் என்றும் கருதினார். அவரிடம் இருந்தவை உலர்ந்த தாவர மாதிரிகளும் மொழிச் சான்றுகளும்தான். ஆயினும் அவர் ஊகம் பெரிதும் சரியாகவே அமைந்தது.

வெள்ளரியின் முழு மரபணுத் தொகுதி 2009இல் வாசிக்கப்பட்டது. காய்கறிகளில் இந்தப் பெருமை முதன்முதலில் வெள்ளரிக்கே கிடைத்தது என்பது நம் வெள்ளரிக்காய்ப் பட்டணத்துக்காரர்களுக்கு வியப்பளிக்கலாம். 2013இல் சீன ஆய்வாளர்கள் தலைமையில் 115 வகைகளின் மரபணுக்களை ஒப்பிட்டபோது உலக வெள்ளரிகள் நான்கு கூட்டங்களாகப் பிரிந்தன: இந்தியக் கூட்டம், ஐரோப்பிய-மேற்காசியக் கூட்டம், கிழக்காசியக் கூட்டம், சீனத்தின் தென்கோடியில் உள்ள ஷிஷுவாங்பன்னாக் கூட்டம். பிற மூன்றும் இந்தியக் கூட்டத்திலிருந்து கிளைத்தவை. வேற்றுமை வளம் மிகுதியாக இருப்பதும் இந்தியக் கூட்டத்தில்தான். வெளியே சென்றவை ஒரு கைப்பிடி விதைகளிலிருந்து பெருகியவை, ஆகவே ஒன்றையொன்று ஒத்தவை. இந்தச் செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். கதையின் பிற்பகுதியில் இது தேவைப்படும்.

மனிதன் இந்தக் கொடியில் செய்த முதல் வேலை கசப்பை நீக்கியது. குக்குர்பிட்டாசின் என்ற பொருள்தான் அந்தக் கசப்பு. மேய வரும் விலங்குகளையும் பூச்சிகளையும் விரட்டுவதற்காகக் கொடி வைத்திருக்கும் ஆயுதம் அது. 2014இல் வெளியான ஆய்வொன்று, இப்பொருளை உண்டாக்கும் பாதையில் ஒன்பது மரபணுக்களை அடையாளம் கண்டது. இலையில் கசப்பைத் தூண்ட ஒரு விசை, காயில் தூண்ட வேறொரு விசை. பண்டைய உழவர் காயின் விசையை அணைத்துவிட்டார், இலையினுடையதை விட்டுவிட்டார். மரபணு என்ற சொல்லே இல்லாத காலத்தில், கசக்காத காயின் விதையை மட்டும் எடுத்து வைத்தல் என்ற ஒரே ஒழுங்கினால் இது நடந்தது. ஆயினும் எல்லா வகையிலும் அந்த விசை முழுதாக அணைந்துவிடவில்லை. குளிரோ வறட்சியோ வாட்டும்போது சில கொடிகளில் அது மீண்டும் விழித்துக்கொள்கிறது. நம் வீடுகளில் வெள்ளரியின் காம்புப் பக்கத்தை அரிந்து, அரிந்த துண்டையே காயின் மீது வைத்து நுரை வரத் தேய்ப்பார்கள். கசப்பு காம்புப் பக்கத்தில்தான் மிகுதி என்ற அறிவு அந்தச் சிறு சடங்கில் இருக்கிறது.

இனி பெயர்க் குழப்பத்துக்கு வருவோம். வெள்ளரியின் வரலாற்றை எழுதியவர்களில் பலர் வழுக்கி விழுந்த இடம் இது.

ரோமப் பேரரசர் திபேரியஸ் நாள்தோறும் வெள்ளரிக்காய் உண்டார் என்றும், அதற்காக அவருடைய தோட்டக்காரர்கள் சக்கரம் வைத்த பாத்திகளில் கொடிகளை வளர்த்து வெயிலுக்கு நகர்த்தினார்கள், குளிர்காலத்தில் ஒளி ஊடுருவும் கல்தகடுகளால் மூடிய சட்டங்களுக்குள் வைத்தார்கள் என்றும் பொதுவான புத்தகங்கள் பலவற்றில் படிக்கலாம். மூலம் பிளினியின் இயற்கை வரலாறு. பசுமைக்குடிலின் முதல் வடிவம் என்று இதைக் கொண்டாடுவதும் வழக்கம். பிளினி சொன்னதில் ஐயமில்லை. ஆனால் அவர் சொன்ன 'குக்குமிஸ்' வெள்ளரிதானா என்பதே கேள்வி. ஜூல்ஸ் ஜானிக், ஹாரி பாரிஸ் முதலிய ஆய்வாளர்கள் மத்தியதரைக்கடல் நாடுகளின் பழைய ஓவியங்கள், கற்சித்திரங்கள், நூல்கள் எல்லாவற்றையும் 2007 முதல் வரிசையாக ஆராய்ந்து, அது வெள்ளரியன்று, முலாம்பழ இனத்தைச் சேர்ந்த நீண்ட காய் என்று நிறுவினார்கள். வட இந்தியர் 'ககடி' என்று கடித்துத் தின்னும் பாம்புபோல் நீண்ட காயின் உறவு அது. கிரேக்கரின் 'சிகுவோஸ்', எபிரேயரின் 'கிஷுயீம்' ஆகியவையும் அவ்வாறே. யூத மறைநூல் உரைகளில் இந்தக் காயை உண்ணுமுன் அதன் மேலுள்ள மென்மயிரைத் தேய்த்து நீக்குவது பற்றிப் பேச்சு வருகிறது. முலாம்பழ இனத்தின் இளங்காய்க்கு மயிர் உண்டு. வெள்ளரிக்கு இருப்பது முள். இந்தச் சிறு வேறுபாடு போதுமானதாக இருந்தது.

எகிப்தை விட்டு வந்த இஸ்ரவேலர் பாலைவனத்தில் ஏங்கியழுத உணவுப் பட்டியலில் இக்காய் வருகிறது. தமிழ் விவிலியம் அதை வெள்ளரிக்காய் என்றே மொழிபெயர்த்துள்ளது. மொழிபெயர்ப்பாளர்களைக் குறைசொல்வதற்கில்லை. ஆங்கில மொழிபெயர்ப்பும் அப்படித்தான் சொல்கிறது. மேலும் தமிழில் 'வெள்ளரி' என்ற சொல்லே இரண்டு இனங்களின் மீதும் கால்வைத்து நிற்பது. பிஞ்சாகக் கடிக்கும் வெள்ளரி ஓர் இனம். பழுத்து வெடித்து, மாவாக உதிர்ந்து, சர்க்கரை தூவித் தின்னப்படும் 'வெள்ளரிப்பழம்' முலாம்பழ இனம். கேரளத்தில் சித்திரை விஷுவுக்குக் கணி வைக்கும் பொன்னிற வெள்ளரியும் முலாம்பழ இனமே. ஈழத்துக் கெக்கரி, சிங்களத்துக் கெக்கிரி, நம் கக்கரி என்று பெயர்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கின்றன. ஆனால் கொடிகள் மட்டும் கலப்பதில்லை. முலாம்பழத்துக்குப் பன்னிரண்டு இணைக் குரோமோசோம்கள், வெள்ளரிக்கு ஏழு. பிரிந்த பின் வெள்ளரியின் முன்னோரில் பல குரோமோசோம்கள் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டன. ஆகவே ஒரே பாத்தியில் நட்டாலும் ஒன்று மற்றொன்றைச் சூல்கொள்ளச் செய்யாது.

இங்கே ஒரு கிளைக்கதை. ரிக்வேதத்தின் ஏழாம் மண்டலத்தில், முக்கண்ணனை நோக்கிய புகழ்பெற்ற மந்திரத்தில், 'உர்வாருகம்' காம்பிலிருந்து விடுபடும் உவமை வருகிறது. நம் சொற்பொழிவாளர்கள் இதை 'வெள்ளரிப்பழம்' என்று சொல்வார்கள். நிகண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு சிலர் இதை வெள்ளரிக்காயாக்கி ஆங்கிலத்தில் எழுதிவிட்டனர். ஆனால் வெள்ளரி நன்றாக முற்றி மஞ்சளாகிப் பழுப்பேறினாலும் காம்பை எளிதில் விடுவதில்லை. முதிர்ந்ததும் தானாகவே காம்பிலிருந்து கழன்றுகொள்வது முலாம்பழ இனத்துப் பழங்கள் பலவற்றின் இயல்பு. உவமையின் உயிரே அந்தத் தானே கழலுதலில் இருப்பதால், உர்வாருகம் முலாம்பழ இனம் என்பதே எங்கள் கருத்து. நம் கிராமத்து வெள்ளரிப்பழமும் அதே இனம் என்பதால், அறிஞர்களைக் காட்டிலும் மேடைப் பேச்சாளர்கள் உண்மைக்கு அருகில் இருந்திருக்கிறார்கள்.

அப்படியானால் மெய்யான வெள்ளரி மேற்கே எப்போது போயிற்று? பாரிஸும் அவர் கூட்டாளிகளும் 2012இல் தந்த விடை, இரண்டு வழிகளில் போயிற்று என்பது. ஒன்று, பாரசீகத்திலிருந்து தரைவழியாகக் கிழக்கு, வடக்கு ஐரோப்பாவுக்கு, இஸ்லாமியப் படையெடுப்புகளுக்கு முன்பே. மற்றொன்று, அரபு உலகத்தோடு சேர்ந்து பின்னர் கடல்வழியாக ஸ்பெயினின் அந்தலூசியாவுக்கு. இந்த இரண்டு தடங்களும் இன்றும் சொற்களில் படிந்து கிடக்கின்றன. பாரசீகத்தின் 'கியார்' அரபிக்கும் துருக்கிக்கும் சென்றது. பைசாந்தியக் கிரேக்கரின் 'அங்கூரியோன்' ஸ்லாவிய மொழிகளில் 'ஒகூரெத்ஸ்', 'ஒகூரெக்' ஆகி, ஜெர்மானியருக்குக் 'குர்க்க' ஆகி, டச்சுக்காரர் வாயில் சிறுமைப் பொருள் விகுதி ஏற்று, ஆங்கிலத்தில் 'கெர்கின்' ஆயிற்று. திண்டுக்கல் அம்மாள் வாயில் நாங்கள் கேட்ட சொல் கான்ஸ்டான்டிநோபிள், கியேவ், ஆம்ஸ்டர்டாம் வழியாக வந்த சொல்.

கிழக்கே சீனத்துக்குச் சென்ற வெள்ளரிக்கு 'ஹூ குவா', அதாவது அயலார் காய் என்று பெயர். பட்டுவழியைத் திறந்த தூதர் சாங் சியென் கொண்டுவந்தார் என்பது அவர்கள் மரபு. ஆறாம் நூற்றாண்டில் ஜியா சிஷியே எழுதிய வேளாண் நூல், அது மஞ்சளானதும் பறிக்கவேண்டும் என்கிறது. பின்னாளில் பெயரும் 'ஹுவாங் குவா', மஞ்சள் காய் என்று மாறிவிட்டது. இன்று உலகில் விளையும் வெள்ளரியில் பெரும்பங்கு சீனத்தில் விளைகிறது. பெயர் மஞ்சள், தின்பது பச்சை.

ஐரோப்பியர் இக்காயை நெடுங்காலம் அச்சத்தோடுதான் அணுகினர். குளிர்ச்சி மிகுந்தது, பச்சையாகத் தின்றால் உயிருக்கே ஆபத்து என்று மருத்துவர்கள் எச்சரித்தார்கள். லண்டன் வாழ்க்கையை நாட்குறிப்பாக எழுதிவைத்த சாமுவேல் பெப்பீஸ், 1663 ஆகஸ்டில் வெள்ளரி தின்று ஒருவர் இறந்த செய்தியைப் பதிவு செய்திருக்கிறார். நமக்குச் சிரிப்பாக இருக்கலாம். அந்நாளைய நகரச் சாக்கடை நீரை எண்ணினால் அச்சம் முழுக்க மூடத்தனம் என்று சொல்லத் தோன்றவில்லை. பிறகு அதே காய் கண்ணாடிக் குடில்களில் வளரும் கனவான்களின் சிற்றுண்டி ஆயிற்று. ரயில் எஞ்சினால் புகழ்பெற்ற ஜார்ஜ் ஸ்டீஃபன்சன் தம் முதுமையில், செஸ்டர்ஃபீல்டு அருகேயிருந்த மாளிகைத் தோட்டத்தில், வெள்ளரி வளைந்து வளர்வதைப் பொறுக்கமாட்டாமல் கண்ணாடிக் குழாய்களுக்குள் பிஞ்சுகளை நுழைத்து நேராக வளரச் செய்தார். தண்டவாளம் போட்ட மனிதருக்கு இயல்பான ஆசைதான். ஆனால் இந்த ஆசை ஒரு மனிதரோடு நிற்கவில்லை. முதல்தர வெள்ளரி பத்து சென்டிமீட்டர் நீளத்துக்குப் பத்து மில்லிமீட்டருக்கு மேல் வளைந்திருக்கக்கூடாது என்று ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1988இல் விதியே எழுதிவிட்டது. ஊரார் நகைப்புக்கெல்லாம் ஆளான பின், 2009 ஜூலை முதல் தேதியோடு அவ்விதி நீங்கிற்று.

பண்ணைப் பயிராக வெள்ளரியை நிலைநிறுத்தியது கண்ணாடிக் குடில் அன்று, ஊறுகாய்ப் பீப்பாய்தான். நீண்ட குளிர்காலத்தில் பச்சைக்காய் காண முடியாத நாடுகளில், உப்புநீரில் புளிக்கவைத்த வெள்ளரி மாதக்கணக்கில் கெடாமல் இருந்தது. ரஷ்யர், போலந்துக்காரர், யூதர் எல்லோருக்கும் அது அன்றாட உணவு. பெர்லினுக்குத் தென்கிழக்கே உள்ள ஷ்ப்ரேவால்டு பகுதியின் ஊறுகாயைப் பற்றி நாவலாசிரியர் தியோடோர் ஃபொன்டானே தமது பயண நூலில் எழுதியிருக்கிறார். அதே ஊறுகாய்ப் புட்டி, மறைந்துபோன கிழக்கு ஜெர்மனியின் அடையாளமாக 2003இல் வந்த 'குட்பை லெனின்' திரைப்படத்தில் இடம்பெற்றது. அந்தப் பகுதியில் காய் பறிக்கும் முறை தனித்தது. டிராக்டரின் இருபுறமும் விமானச் சிறகு போல் நீளும் மேடையில் தொழிலாளர்கள் குப்புறப் படுத்துக்கொள்ள, வண்டி ஊர்ந்து செல்லச் செல்ல அடியில் வரும் கொடிகளிலிருந்து பறிக்கிறார்கள். நாள் முழுவதும் குனிந்து நிற்பதற்கும் நாள் முழுவதும் குப்புறக் கிடப்பதற்கும் இடையில் எது மேல் என்று சொல்ல நமக்குத் தெரியவில்லை.

பறிப்புதான் இப்பயிரின் முடிச்சு. ஊறுகாய்க்கான காய் சிறிதாக இருக்கவேண்டும். ஆனால் வெள்ளரியைப் போல வேகமாகப் பருக்கும் காய்கள் குறைவு. இன்று விட்டால் நாளை தரம் இறங்கிவிடும். ஆகவே நாள்தோறும் பறிக்க ஆள் வேண்டும். அமெரிக்காவில் இந்த ஆள் மெக்சிகோவிலிருந்து வந்தார். அவர்களை ஒப்பந்தக் கூலிகளாக அழைத்துவரும் திட்டம் 1964இல் முடிவுக்கு வந்ததும், மிச்சிகன் பண்ணைகள் எந்திரங்களை நோக்கித் திரும்பின. எந்திரம் கொடியை ஒரே தடவையில் பிடுங்கி எடுத்துவிடும் என்பதால் காய்கள் எல்லாம் ஒரே சமயத்தில் திரளவேண்டும். சாதாரண வெள்ளரிக் கொடியில் ஆண்பூக்களே மிகுதி. பெண்பூக்களையே பெரும்பாலும் பூக்கும் ஒட்டுவிதை 1960களின் தொடக்கத்தில் மிச்சிகனில் உருவானது. அதற்கான தாய்க்கொடி கொரியாவிலிருந்து வந்தது. உலகெங்கும் ஊறுகாய்த் தோட்டங்களில் இன்று நடப்படுவது பெரும்பாலும் இந்த வழிவந்த விதைகளே.

நாம் முன்பு நினைவில் வைக்கச் சொன்ன செய்திக்கு இப்போது வருகிறோம். ஒரே அச்சில் வார்த்த கொடிகளை ஆயிரக்கணக்கான ஏக்கரில் நட்டால் நோய்க்குக் கொண்டாட்டம். இலையின் அடியில் சாம்பல்போல் பூத்து இரண்டு வாரத்தில் தோட்டத்தைக் கருக்கிவிடும் அடிச்சாம்பல் நோய் வெள்ளரியின் பெரும்பகை. அமெரிக்க வேளாண் துறை 1898 முதல் வெளிநாடுகளிலிருந்து வரும் ஒவ்வொரு விதைப் பொட்டலத்துக்கும் வரிசை எண் இட்டுப் பாதுகாத்து வருகிறது. எண் 1 பெற்றது மாஸ்கோவிலிருந்து வந்த ஒரு முட்டைக்கோசு. 1950களின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து சென்ற ஒரு வெள்ளரி விதை 197087 என்ற எண் பெற்றது. அதில் அடிச்சாம்பல் நோயைத் தாங்கும் மரபணு இருந்தது. தென் கரோலினாவில் அதைக் கொண்டு உருவாக்கி 1966இல் வெளியிட்ட 'பாயின்செட்' உட்படப் பல வகைகளுக்கு அந்த இந்தியக் கொடி காவலாக நின்றது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அமெரிக்க விவசாயிகள் இந்த நோய்க்கு அதிகம் மருந்தடிக்காமலே வெள்ளரி விளைவித்தார்கள்.

அந்தப் பாயின்செட் பிறகு இந்தியாவுக்கு வந்தது. நம் வேளாண் பாடப்புத்தகங்களில் வெள்ளரி வகைகளைப் பட்டியலிடும் இடத்தில், அமெரிக்காவிலிருந்து தருவிக்கப்பட்ட, நோய் தாங்கும் சிறந்த வகை என்று இன்றும் அதைக் காணலாம். தருவிக்கப்பட்டது என்பது உண்மைதான். அந்த நோய்தாங்கும் ஆற்றலை அனுப்பி வைத்தது யார் என்று பாடப்புத்தகம் சொல்வதில்லை.

2004இல் காவல் உடைந்தது. புதிய வடிவெடுத்த நோய் அமெரிக்காவின் கிழக்குக் கரைத் தோட்டங்களைச் சூறையாடியது. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தார் விதை வங்கியில் இருந்த சுமார் 1300 வகைகளை எடுத்து, அங்கும் போலந்திலும் நட்டுச் சோதித்தார்கள். தாக்குப்பிடித்தவற்றில் முன்னணியில் நின்றவற்றுள் ஒன்று 197088. முன்னதற்கு அடுத்த எண், அதுவும் இந்தியாவிலிருந்து போனது. அஸ்ஸாம் என்று ஆய்வுக் கட்டுரைகள் அதன் ஊரைக் குறிக்கின்றன. அரை நூற்றாண்டுக்கு மேலாக ஐயோவா மாநிலத்து ஏம்ஸ் நகர விதை வங்கியில் உறங்கிய பொட்டலம் அது. எந்தத் தோட்டத்தில், யார் கையிலிருந்து வாங்கப்பட்டது என்பது யாருக்கும் முக்கியமாகப் படவில்லை. உயிரியல் வளங்கள் அந்தந்த நாட்டின் உரிமை என்று சொல்லும் பன்னாட்டு உடன்படிக்கை 1992இல்தான் வந்தது. இந்தியா தன் சட்டத்தை 2002இல் இயற்றியது. அதற்கு முன் போனவை போனவையே. இதைக் கொள்ளை என்று கூவுவதில் நமக்கு ஒப்புதலில்லை. அந்த விதை இங்கேயே இருந்திருந்தால் இத்தனை பத்திரமாக இருந்திருக்குமா என்ற கேள்விக்கு நேர்மையாக விடைசொல்லும் துணிவும் நமக்கில்லை.

இனி கெர்கின். பறிக்கும் கூலி உயர உயர, மேலைநாட்டு ஊறுகாய் நிறுவனங்கள் வேறு மண்ணைத் தேடின. 1990களின் தொடக்கத்தில் கர்நாடகத்தில் தொடங்கிய சாகுபடி, பிறகு தமிழகத்துக்கும் ஆந்திரத்துக்கும் பரவியது. ஐரோப்பாவில் ஆண்டுக்கு ஒரு பருவம் விளைவது இங்கே நீர் இருந்தால் ஆண்டு முழுவதும் விளையும். கூலி குறைவு, கைகள் மிகுதி. இந்திய அரசு 2022இல் தந்த கணக்குப்படி சுமார் 90,000 சிறு, குறு விவசாயிகள் 65,000 ஏக்கரில் இதைப் பயிரிடுகிறார்கள். உலகத் தேவையில் ஏறத்தாழ 15 விழுக்காடு இங்கிருந்து போகிறது. 2020-21இல் மட்டும் இரண்டு லட்சத்து இருபதாயிரம் டன்னுக்கு மேல் வெள்ளரியும் கெர்கினும் ஏற்றுமதியாகி, 20 கோடி டாலருக்கு மேல் ஈட்டித் தந்தன. அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி, ரஷ்யா என்று இருபதுக்கு மேற்பட்ட நாடுகளுக்குப் பீப்பாய்களிலும் புட்டிகளிலும் செல்கிறது. உள்நாட்டில் விற்பது மிகக் குறைவு. மிளகுக்குக்கூட நம் வீட்டு அஞ்சறைப்பெட்டியில் இடம் உண்டு. கெர்கினுக்கு அதுவும் இல்லை.

முறை எளிது. நிறுவனம் ஒட்டுவிதையும் உரமும் மருந்தும் கடனாகத் தருகிறது. எந்த மருந்தை எந்த நாளில் அடிக்கவேண்டும் என்று அதன் களப்பணியாளர் சொல்கிறார், ஏனெனில் இறக்குமதி நாட்டில் எச்சம் சோதிக்கப்படும். விதைத்து ஐந்து வாரத்துக்குள் பறிப்பு தொடங்கிவிடும், தொண்ணூறு நாளில் பயிர் முடிந்துவிடும். விலை முன்கூட்டியே நிர்ணயமானது. ஆனால் அது காயின் அளவுக்குத் தக்கபடி படிப்படியாக இறங்கும். கிலோவுக்கு 160க்கு மேல் நிற்கும் பொடிக்காய்க்கு உயர்ந்த விலை, கிலோவுக்கு முப்பது நாற்பது நிற்கும் காய்க்கு அடிமட்ட விலை. நிறையக் காய்த்தால் நிறையப் பணம் என்ற உழவரின் ஆதிக் கணக்கை இது தலைகீழாக்குகிறது. கொடியில் காய் பருப்பது இங்கே இழப்பு. ஒருநாள் மழைபெய்து பறிக்க முடியாமல் போனாலும், வீட்டில் ஒரு சாவு விழுந்தாலும், மறுநாள் காய் தரமிறங்கிவிடும். அதற்கும் மேல் பருத்தால் நிறுவனத்துக்கு வேண்டாம்.

அரசு தந்த அதே கணக்கில் ஏக்கருக்கு நான்கு டன் விளைச்சல், எண்பதாயிரம் வருவாய், செலவு போக நாற்பதாயிரம் என்று இருக்கிறது. மூன்று மாதத்தில் நாற்பதாயிரம் என்பது சிறு விவசாயிக்குச் சாதாரணத் தொகையல்ல என்பதையும் சொல்லியாகவேண்டும். தக்காளியை ஏற்றிப்போய்ச் சந்தையில் கொட்டிவிட்டு வந்தவர்களுக்கு நிச்சய விலையின் அருமை தெரியும். தமிழ்நாடு அரசு 2019இல் ஒப்பந்தச் சாகுபடிக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்தபோது, விலை வீழ்ச்சியிலிருந்து உழவரைக் காப்பதே நோக்கம் என்று கூறியது. தரத்தை யார் அளக்கிறார்கள், சல்லடை யார் கையில் இருக்கிறது என்பதில்தான் பெரும்பாலான மனத்தாங்கல்கள் பிறக்கின்றன. எடைக்கல் இருதரப்பும் பார்க்கக் கிடைக்கும் பொருள். தரம் அப்படியல்ல.

நாங்கள் தோட்டத்தில் நின்ற அன்று மாலை, ஊர் எல்லையில் புளியமரத்தடியில் சேகரிப்பு நடந்தது. சாக்குகளிலிருந்து காய்களைக் கொட்டி, அளவுவாரியாகப் பிரித்து, நெகிழிக் கூடைகளில் எடைபோட்டார்கள். பருத்த காய்கள் தனியே குவிந்தன. சின்னக் குழந்தை ஒன்று அதில் ஒன்றை எடுத்துக் கடிக்கப்போக, தாய் சட்டென்று தட்டிவிட்டார், "மருந்தடிச்சது, போடுடா". காலையில் பேசிய அம்மாள் தம் பங்கு எடை முடிந்ததும் எங்களை வீட்டுக்கு அழைத்துப்போனார். கூரையோரம் வேலியில் ஒரு கொடி ஏறிக் கிடந்தது, உள்ளங்கை நீளத்துக்கு வெளிறிய பச்சையில் காய்கள். இரண்டைப் பறித்து, காம்புப் பக்கம் அரிந்து, நுரை வரத் தேய்த்து, கழுவிக் கொடுத்தார். சுவரில் அப்பிய சாணி வறட்டியில் விதைகள் பதிந்திருந்தன. மாமியார் காலத்திலிருந்து எடுத்து வைப்பது என்றார். என்ன ரகம் என்று கேட்டோம்.

"ரகமெல்லாம் என்னங்க, வெள்ளரிதான்" என்றார்.